பல்லக்காவின் வியாழன்

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

பதினாறு ஆண்டுகளில் பல்லக்கா வரைந்த வியாழன் படங்களின் கணக்கு இது. எல்லாம் பென்சில். எல்லாம் ஒரே அளவு: ஐந்து சென்டிமீட்டர் அகலம், மேலும் கீழும் லேசாக அமுங்கிய வட்டம். வியாழன் அப்படித்தான் இருக்கும். பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் வேகத்தில் இடுப்புப் பெருத்துப்போன கோள். அந்த வட்டத்துக்கென்று அட்டையில் ஓர் அச்சு வெட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி, நேரம், அன்றைக்குக் காற்று எவ்வளவு அடங்கியிருந்தது என்பதற்கு ஒன்று முதல் ஐந்துவரை ஒரு மதிப்பெண். பீரோவில் நான்கு தட்டு. மூன்றில் வியாழன் இருக்கிறது, ஒன்றில் கணவரின் சட்டைகள் இருக்கின்றன.

பகலில் அவள் பல் செய்கிறாள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகள் ஒரு சின்ன லேபுக்கு வந்து சேரும். அங்கே வேலை செய்கிற மூன்று பேரில் அவள் மூத்தவள். பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, சூளையில் வைத்து எடுத்தால் ஒரு பல். வெறும் வெள்ளையாக வந்தால் அது பல் இல்லை, சட்டைப் பொத்தான் என்பாள். ஈறுக்குப் பக்கத்தில் லேசான மஞ்சள், நடுவில் பால், நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு சாம்பல். பக்கத்துப் பல்லோடு ஒட்டாவிட்டால் வேலை திரும்பி வந்துவிடும். இருபத்தோரு வருடம் இப்படி நிறம் பார்த்துப் பழகிய கண். மற்றவர்கள் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு “ரெண்டு கோடு தெரியுது” என்று எழுந்துவிடுகிற இடத்தில் இவள் எட்டு நிறம் சொல்வாள்.

பல்லக்கா என்ற பேரை வைத்தது அவளுடைய ஓரகத்தி. கணவரின் தம்பி மனைவி. பிறகு கொழுந்தன், பக்கத்து வீடு, லேபுக்குப் பார்சல் கொண்டுவருகிறவர் என்று பரவி, கடைசியில் கணவரே ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். இந்தக் கதையில் அந்த ஓரகத்தியைச் சின்னவள் என்போம். வீட்டிலும் அப்படித்தான்.

சின்னவள் கீழ்த்தளம், பல்லக்கா மேல்தளம், மொட்டை மாடி பொது. கடைத்தெருவில் சின்னவளுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்து வகுப்புப் படம், குடும்பப் படம். பல வருடம் அவளுக்கு வானம் என்பது துணி காய்கிறதா இல்லையா என்று பார்க்கும் இடமாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் துணி எடுக்க வந்தவள், ஆறு அங்குல அகலக் கண்ணாடி வைத்த பல்லக்காவின் தொலைநோக்கியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, இதில் கேமராவை மாட்ட முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றாள் பல்லக்கா. பொய்யில்லை. அவளுடையது கையால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. வானம் நகர நகரக் கூடவே நகரும் மோட்டார் அதில் கிடையாது.

மூன்று மாதத்தில், மோட்டார் வைத்த எட்டு அங்குலம் ஒன்று இரண்டு பெட்டிகளில் மாடி ஏறியது.

அதற்கு அடுத்த மாதம் சின்னவளின் வியாழன், வான்நோக்கர் சங்கத்து இதழின் அட்டையில் வந்தது. சங்கத்தில் முப்பத்தெட்டு பேர். இதழ் எட்டே பக்கம். செயலாளர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஆனாலும் அட்டை அட்டைதான். பதினாறு வருடமாகப் பல்லக்காவின் படங்களுக்கு ஏழாம் பக்கம், ‘அடுத்த கூட்டம் நடக்கும் இடம்’ என்ற அறிவிப்புக்கு மேலே. சின்னவளின் படத்தில், வியாழனில் ஓயாமல் சுழலும் சிவப்புப் புயல் ஆரஞ்சுப் பழச்சுளை மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நிஜமாகவே இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார்கள். பென்சில் படத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பல்லக்காவின் கணவர் அந்த அட்டைப் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டார். அவள் அதைக் கண்டது காலை எட்டு மணிக்கு. எட்டரைவரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்.

“நல்லா இருந்துச்சு, வெச்சேன்,” என்றார். “உன்னுது பென்சில்தானே. வெயில்ல தெரியாது.”

அன்றைக்கு லேபில் அவள் செய்த பல் இரண்டும் திரும்பி வந்தன.

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் பல்லக்கா ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்கு இருந்தது, அவள் பார்வையில், சில நியாயமான ஆட்சேபங்கள். சின்னவள் வானத்தைப் பார்ப்பதே இல்லை. கணினித் திரையைப் பார்க்கிறாள். தொண்ணூறு வினாடி வீடியோ ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி பொத்தானை அழுத்திவிட்டுக் கீழே போய் டீ போடுகிறாள். பிறகு ஒரு மென்பொருள் அந்த ஆயிரக்கணக்கான படச்சட்டங்களில் நல்லதைப் பொறுக்கிச் சேர்த்து ஒரே படமாக்கித் தருகிறது. இதில் இவள் செய்தது என்ன? இந்த ஆட்சேபங்களை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வியாழன் கிழக்கே ஏறும் மாலைகளில் போர்வைகளைத் துவைத்து, சின்னவளின் தொலைநோக்கிக்கு நேர் கிழக்கே இருந்த கொடியில் காயப் போட்டாள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தாள். இதழ் வந்ததும் உருப்பெருக்கியை வைத்துச் சின்னவளின் படங்களைத் துருவினாள். நான்காவது இதழில் பிடித்துவிட்டாள். படம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. புயல் வரவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். கணினியில் ஏதோ ஒரு பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கிறது. செயலாளருக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினாள். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. சங்கக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் சின்னவள் எழுந்து, அக்கா இல்லாவிட்டால் எனக்கு இடது வலதே தெரியாது என்று சிரித்து, கை தட்டச் சொன்னாள். எல்லாரும் தட்டினார்கள். பல்லக்காவுக்கு அன்று இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

விஷயத்துக்கு வருவோம். ஒரு திங்கட்கிழமை.

மாலை ஏழரைக்கு இருவரும் மாடியில் இருந்தார்கள். கொடியில் அன்று போர்வை இல்லை. லேபில் வேலை அதிகம், துவைக்க நேரமில்லை. காற்று அடங்கியிருந்தது. ஐந்துக்கு நான்கு. சின்னவள் பொத்தானைத் தட்டிவிட்டு, டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றதும் தனியாக இறங்கிப் போனாள். பல்லக்கா முக்காலியில் உட்கார்ந்து, அச்சை வைத்து வட்டம் போட்டு, மூலையில் நேரம் எழுதினாள்: 7.42.

வரைந்துகொண்டே வந்தாள். மேகப் பட்டைகள் முடிந்தன, அவற்றின் நடுவில் கொக்கி மாதிரி வளைந்த ஊதா நிறக் கீற்றுகள் முடிந்தன. தெற்கு விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி எரிந்து அணைந்தது. கண்ணை மூடித் திறக்கும் நேரமில்லை. அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டு வினாடி. பிறகு ஒன்றுமில்லை.

பல்லக்கா கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே பார்த்தாள். பிறகு தாளில் அந்த இடத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டு, ‘ஒளி, 2 வினாடி’ என்று எழுதினாள்.

அது என்னவாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். எங்கிருந்தோ வந்த ஒரு கல்லோ பனிக்கட்டியோ வியாழனின் மேகத்தில் விழுந்து எரிந்தால் அப்படித் தெரியும். உலகம் முழுக்க ஆயிரம் பேர் இதற்காகக் கேமராவைத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். பிடித்தவர்கள் சில பேர். கண்ணால் பார்த்தேன் என்று சொல்கிறவர்களை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. கண் ஆயிரம் சொல்லும். பதிவு வேண்டும்.

பதிவு, மூன்றடி தள்ளி, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த சின்னவளின் மடிக்கணினியில் இருந்தது.

சின்னவள் கையில் டம்ளரோடு மேலே வந்து, என்னக்கா, வியாழன் எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள் பல்லக்கா.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. லேபில் இருந்து செயலாளருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வேறு யாராவது வியாழனைப் பார்த்தார்களா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். இரண்டு பேர் வீட்டில் மேகம், ஒருவர் சினிமாவுக்குப் போயிருந்தார், மற்றவர்கள் பார்க்கவில்லை. ஆக, இந்த ஊரில் அந்த இரண்டு வினாடிக்குச் சாட்சி ஒரு பென்சிலும் ஓர் ஓரகத்தியின் கணினியும். சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் மனதில் ஒரு படம் ஓடியது. அட்டையில் சின்னவளின் வீடியோ. ‘கண்டுபிடித்தவர்’ என்று அவள் பெயர். பல்லக்காவுக்கு ஏழாம் பக்கம். கூட்டத்தில் எழுந்து, அக்கா சொன்னதால்தான் என்று சிரிப்பாள். கை தட்டுவார்கள்.

சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தவளைப் பார்த்துக் கணவர், பல்வலியா என்றார்.

புதன்கிழமை ஓர் எண்ணம் வந்தது. ஸ்டுடியோவுக்குப் போனால், மாடியில் எடுத்த வீடியோக்களைச் சின்னவள் ஏற்றி வைக்கும் கணினி அங்கே இருக்கும். சின்னவள் வாடிக்கையாளரைக் கவனிக்கும் நேரத்தில் தானே அந்த வீடியோவைத் திறந்து பார்த்துவிடலாம். அதற்குமேல் யோசிக்கவில்லை. காரணம் வேண்டுமே என்று பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனாள். அவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நான்கு வருடம் இருந்தது.

ஸ்டுடியோ ஒரே நீள அறை. ஒரு கோடியில் சாம்பல் நிறத் திரையும் முக்காலியும், மறுகோடியில் கணினி. வாடிக்கையாளர் என்று அன்றைக்கு யாரும் இல்லை, பல்லக்காதான் வாடிக்கையாளர்.

“தாடைய கொஞ்சம் இறக்குங்கக்கா. பல்லு தெரியக்கூடாது. அது நீங்களா இருந்தாலும் ரூல் ரூல்தான்.”

எடுத்து முடித்துக் கணினிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். சின்னவள் படத்தைப் பெரிதாக்கினாள். விரல் தானாக நகர்ந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போயிற்று, தாடையில் இருந்த மச்சமும் போயிற்று.

“அது என் மச்சம்,” என்றாள் பல்லக்கா.

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை பழகிவிட்டது, புள்ளியைக் கண்டால் தானே துடைத்துவிடுகிறது என்று மச்சத்தைத் திருப்பி வைத்தாள். பிறகு, ஒரு நிமிடம் இருங்கள், நாளைக்கு நானூறு பிள்ளைகளுக்கு வகுப்புப் படம் எடுக்க வேண்டும், கணினியில் இடமே இல்லை, திங்கட்கிழமை வீடியோக்களைத் தூக்கிவிட்டு வருகிறேன் என்றாள். திரையில் நீலமாக ஒரு பட்டியல் விழுந்தது. விரல் பொத்தானுக்குப் போனது.

அழிந்தால் அது யாருக்கும் இல்லை. இவளுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. சரிக்குச் சரி. பல்லக்கா பின்னால் ஒருநாள் என்னிடம் ஒளிக்காமல் சொன்னது: அந்த ஒரு கணம் அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

“அழிக்காத,” என்றாள்.

சொல்லிவிட்டாள். சொன்னபின் முழுதும் சொல்ல வேண்டியதாயிற்று. சின்னவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டாள், குறுக்கே பேசவில்லை. நேரம் என்ன என்று மட்டும் கேட்டாள். ஏழு நாற்பத்திரண்டு. அந்த வீடியோவைத் திறந்தார்கள். தொண்ணூறு வினாடி. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி வியாழன் நெளிந்துகொண்டிருந்தது. ஒன்றுமில்லை. இரண்டாம் முறை ஓட்டினார்கள். ஒன்றுமில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதிலும் இல்லை.

“ரொம்ப நேரம் ஒரே இடத்தப் பாத்தா கண்ணு அப்படி காட்டும்கா,” என்றாள் சின்னவள். குரலில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். இது பரிதாபம். பல்லக்கா கைப்பையில் இருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

கண்ணாடித் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பல்லக்கா தெரிகிறபடியே வரைவாள், தெற்கு மேலே. சின்னவள் தாளைத் தலைகீழாகத் திருப்பித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மாறியது.

“இந்த எடத்துல ஒரு தூசி இருந்துச்சு.”

“எப்ப?”

“ஏழு அம்பத்தி நாலு படத்துல. மங்கலா, வெள்ளை மச்சம் மாதிரி.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் தொடச்சிட்டேன்.”

ஏழு ஐம்பத்து நான்கு வீடியோவைத் திறந்தாள். முப்பத்தேழாவது வினாடியில், கீழ் விளிம்புக்குச் சற்று உள்ளே, ஒரு வெள்ளைப் புள்ளி பிறந்து, உப்பி, அணைந்தது. சின்னவள் திரும்ப ஓட்டினாள். திரும்ப அதே இடம், அதே புள்ளி.

நேரம் ஏன் பிசகியது என்று பல்லக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வியாழன் சுற்றுகிற வேகத்தில், வரைய ஆரம்பித்த நேரத்தைத்தான் தாளில் எழுத வேண்டும். பட்டைகளில் இருந்த கீற்றுகளின் இடம் அந்த நேரத்துக்குத்தான் சரி. விளிம்புகளை எப்போதும் கடைசியில், பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் வரைவாள். பதினாறு வருடமாக ஒரு தாளுக்கு ஒரு நேரம் போதுமாக இருந்தது. அம்புக்குறி போட்ட அன்று கடிகாரத்தை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

“அப்ப நான் கீழ டீ வடிகட்டிட்டு இருந்தேன்,” என்றாள் சின்னவள்.

பல்லக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்ததை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாகத் தினம் கண்ணாடியில் பார்ப்பதுதான். முதன்முறையாக அது வேறொருத்தி முகத்தில் இருந்தது.

“நேர்ல எப்படிக்கா இருந்துச்சு?”

“சூளைக் கதவைத் தொறந்து மூடின மாதிரி,” என்றாள் பல்லக்கா. ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொன்னாள். “வெள்ளைன்னா இந்தத் திரையில இருக்கற வெள்ளை இல்ல. இதுல அது வராது.”

சின்னவள் தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்: “ரெண்டு நாளா ஏன் சொல்லல?”

“உன் பேரு வந்துடுமேன்னு.”

சின்னவள் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. விசைப்பலகையை இழுத்து மடிக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

“சரி. இப்ப வரப் போகுது,” என்றாள்.

சங்கத்தின் அறிக்கைப் படிவத்தை எடுத்து அச்சடித்தாள். அதில் ‘பதிவு செய்தவர்’ என்று ஓர் இடம், ‘கண்ணால் கண்டவர்’ என்று ஓர் இடம். இரண்டின் நேரமும் ஒத்துப்போனால், முதலில் கண்டவர் பெயர்தான் மேலே வரும். சங்கத்தின் விதி அது. சின்னவள் பல்லக்காவின் தாளை ஸ்கேன் செய்து திரையில் கொண்டுவந்தாள். 7.42 என்ற எண் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக நின்றது.

அதை ஐம்பத்து நான்காக மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள் சின்னவள். ஒரு நிமிட வேலை, உங்கள் கையெழுத்திலேயே வரும், யாருக்கும் தெரியாது. உதவியா, அல்லது வாழ்நாளெல்லாம் கையில் வைத்துக்கொள்ள ஒரு துருப்புச் சீட்டா என்று பல்லக்காவுக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். ஆசை இல்லாமல் இல்லை. பெயர் மேலே வரும். சின்னவளின் பெயர் அதற்குக் கீழே வரும். அப்படி ஒரு பக்கத்தை மனதில் எத்தனையோ தடவை அச்சடித்துப் பார்த்திருக்கிறாள்.

சுட்டெலியின் அம்பு நாற்பத்திரண்டின் மேல் நின்றது.

இடம் வலம் மாறியதற்கு நான்கு பக்கம் கடிதம் எழுதியவள் அவள். ஒரு தாளில் நேரத்தை மாற்றினால் மற்ற தாள்களின் நேரத்தை எவன் நம்புவான்? எவனோ இருக்கட்டும், அவளே நம்ப மாட்டாள்.

“கை வைக்காத,” என்றாள். பேனாவை வாங்கி, படிவத்தின் அடியில் தன் கையால் எழுதினாள்: வரையத் தொடங்கிய நேரம் 7.42, ஒளி தெரிந்த நேரத்தைத் தனியாகக் குறிக்கவில்லை, தவறு என்னுடையது.

செயலாளர் விதிப்படி நடந்துகொண்டார். கண்டுபிடித்தவர் என்று சின்னவளின் பெயர். கீழே, ‘நேரம் உறுதி செய்யப்படாத கண்பார்வைக் குறிப்பு ஒன்றும் கிடைத்துள்ளது’ என்று பல்லக்காவின் பெயர். அட்டையில் வீடியோவில் இருந்து எடுத்த வெள்ளைப் புள்ளி. உள்ளே இரண்டாம் பக்கத்தில் பென்சில் படம், அம்புக்குறியோடு. இதழ் வந்த அன்று பல்லக்கா அட்டையைப் பார்க்காமல் திருப்பி, இரண்டாம் பக்கத்தை மட்டும் பார்த்தாள். பிறகு அட்டையையும் பார்த்தாள். வயிறு எரிந்தது. பழைய எரிச்சல்தான், குறையவில்லை.

ஆனால் மாடியில் ஒரு மாற்றம். சின்னவள் இப்போதெல்லாம் டீக்குக் கீழே இறங்குவதில்லை. வீடியோ ஓடும்போது பக்கத்தில் நின்று, பல்லக்கா முக்காலியில் குனிந்திருப்பதையே பார்க்கிறாள். இரண்டு முறை, நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டாள். ஒரு முறை பல்லக்கா எழுந்து இடம் கொடுத்தாள், நான்கு நிமிடம். பட்டையில் எத்தனை நிறம் தெரிகிறது என்று கேட்டாள். மூன்று என்றாள் சின்னவள். அன்று பல்லக்கா நன்றாகச் சாப்பிட்டாள்.

கேமராவைக் கழற்றிவிட்டுக் கண் வைத்துப் பார்க்கும் வில்லை ஒன்றுக்குச் சின்னவள் ஆர்டர் கொடுத்திருக்கிறாள். பல்லக்காவினுடையதைவிட அது நல்ல வில்லை. எந்தக் கடையில், எந்த எண் என்று சொல்லிக்கொடுத்ததே பல்லக்காதான், கேட்டபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை வந்து சேரும்.